ஒன்ராறியோவில் கார் ஹோலர் ஓட்டப் போகிறீர்களா? காசு கட்டுமுன் படியுங்கள்

ஏ-ஸெட் லைசன்ஸ் (ஏர் பிரேக் உள்ள பெரிய றெயிலர் ட்ரக்குக்கானது) கைக்கு வந்தால் கார் ஏற்றும் ட்ரக் ஓட்டலாம் என்று நினைத்து வருபவர்கள்தான் அதிகம். ஓட்டுவது இந்த வேலையில் பாதி. ஒன்பது கார்களைக் கீறல் விழாமல் ஏற்றி, கட்டி, இறக்கி, ஒவ்வொன்றுக்கும் சரியான தாளில் சரியான கையெழுத்து வாங்குவது மற்றப் பாதி. புதுச் சாரதிகளின் கையிலிருந்து காசு போவது பெரும்பாலும் இந்த மற்றப் பாதியில்தான். அதனால் லைசன்ஸ் எடுப்பதைச் சுருக்கமாகவும், தாள், ஏற்றுதல், கட்டுதல் ஆகியவற்றை விரிவாகவும் எழுதியிருக்கிறோம்.

இங்கே சொல்வது ஒன்ராறியோவுக்கு. கட்டணங்கள் மாறும், கட்டும் நாளில் அரசின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1. முதலில் டொக்டர், பிறகுதான் ஸ்கூல்

பலர் பயிற்சிப் பள்ளிக்கு முழுக்காசையும் கட்டிவிட்டு, அதன் பிறகு மருத்துவப் படிவத்தோடு டொக்டரிடம் போகிறார்கள். அங்கே கண் பார்வையோ, வலிப்போ, இதயமோ தடையாக வந்தால் கட்டிய காசைத் திருப்பி வாங்க அலையவேண்டும். ஒழுங்கை மாற்றுங்கள். கண் பார்வை இரண்டு கண்ணும் சேர்ந்து 20/30 இருக்கவேண்டும். கண்ணாடியோடு இருந்தால் போதும். சர்க்கரை வியாதிக்கு இன்சுலின் போடுபவர்கள், தூக்கத்தில் மூச்சு நின்று எழும் குறை உள்ளவர்கள் இதை டொக்டரிடம் மறைக்கவேண்டாம். மருந்து ஒழுங்காக எடுப்பதற்கான கடிதம் இருந்தால் பல விஷயங்கள் தீர்ந்துவிடும்.

இந்தப் பரிசோதனைக்கு மாகாண மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் காசு தராது, நீங்கள்தான் கட்டவேண்டும். 46 வயதுக்குக் கீழ் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, 46 முதல் 64 வரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை, 65க்குப் பிறகு வருடாவருடம் புதிய அறிக்கை கொடுக்கவேண்டும். அதைக் கொடுக்க மறந்தால் லைசன்ஸ் தரம் இறங்கிவிடும். ஃபோனில் நினைவூட்டல் போட்டு வையுங்கள்.

2. எந்த லைசன்ஸ் என்று முடிவெடுங்கள்

இழுக்கும் றெயிலரின் நிறை 4,600 கிலோவுக்கு மேல் போனால் ஏ வகுப்பு வேண்டும். பெரிய கார் ஹோலருக்கு ஏர் பிரேக் இருப்பதால் ஸெட் குறிப்பும் சேரும். வயது 18 ஆகியிருக்கவேண்டும். கையில் சாதாரணக் காருக்கான முழு ஜி லைசன்ஸ் இருக்கவேண்டும்; ஜி1, ஜி2 வைத்துக்கொண்டு விண்ணப்பிக்க முடியாது.

இலங்கையிலோ இந்தியாவிலோ லொறி ஓட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கனரக லைசன்ஸை இங்கே ஏ வகுப்பாக மாற்றித் தரமாட்டார்கள். ஆனால் அங்கே ஓட்டிய வருடங்களை உறுதிசெய்யும் கடிதம் இருந்தால், ஜி எடுப்பதற்கான காத்திருப்புக் காலம் குறையும். கடிதம் வர மாதங்கள் ஆகலாம். கனடா வந்த முதல் வாரமே அதற்கு எழுதுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பிக்கப் ட்ரக்கின் பின்னால் மூன்று கார் ஏற்றும் சரிவு றெயிலரைப் பூட்டி ஓட்டுபவர்கள் "இதற்கு ஜி போதும்" என்பார்கள். மூன்று கார் ஏற்றும் றெயிலரின் பதிவு நிறை 4,600 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். அப்போது ஏ வகுப்பு வேண்டும். றெயிலருக்கு ஏர் பிரேக் இல்லாவிட்டால் ஆர் நிபந்தனை போட்ட கட்டுப்பாட்டு ஏ வகுப்பு போதும். அதற்கு மெல்ட் எனப்படும் நீண்ட கட்டாய ஆரம்பப் பயிற்சி தேவையில்லை. மொத்த நிறை 4,500 கிலோவைத் தாண்டினால் சிவிஓஆர் பதிவும் (வணிக வாகனம் நடத்துவோருக்கான மாகாணப் பதிவு) வேண்டும். முதல் சோதனை நிலையத்திலேயே பிடிபடும் விஷயம் இது.

3. மெல்ட் பயிற்சி: மணிக்கணக்கை எண்ணுங்கள்

2017 ஜூலை 1 முதல் முழு ஏ வகுப்புக்குக் குறைந்தது 103.5 மணி நேரப் பயிற்சி கட்டாயம். வாரம் 40 மணி போனால் ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். வார இறுதியில் மட்டும் போனால் ஒன்றரை மாதமாவது ஆகும். ரோட் டெஸ்ட் தேதி கிடைப்பதையும் சேர்த்து, மருத்துவம் தொடங்கி லைசன்ஸ் கைக்கு வரும்வரை மூன்று நான்கு மாதம் வருமானம் குறையும் என்று கணக்குப் போடுங்கள். செலவு பொதுவாக 7,000 முதல் 10,000 டொலர் வரை. 200 மணி வகுப்புகள் அதற்கும் மேலே போகும்.

பாதி விலைக்குச் சொல்லும் பள்ளியைக் கண்டால் நடையைக் கட்டுங்கள். அங்கே மணிகள் தாளில்தான் ஓடும், ட்ரக் ஓடாது. கையெழுத்து வைப்பதற்கு முன் கேளுங்கள்: ஒரு ட்ரக்கில் எத்தனை மாணவர்? நான் ஸ்டியரிங் பிடிக்கும் மணி எத்தனை? ரோட் டெஸ்டுக்கு ட்ரக் தருவது கட்டணத்தில் சேர்த்தியா? முதல்முறை தவறினால் இரண்டாம் முறைக்கு எவ்வளவு? பள்ளி மாகாண அரசில் பதிவான தொழிற்கல்லூரியா என்பதையும் பாருங்கள்.

ரோட் டெஸ்டை ஒட்டோமற்றிக் கியர் ட்ரக்கில் எடுத்தால், உங்கள் ஏ வகுப்பு ஒட்டோமற்றிக்குக் கட்டுப்படும். புதிய கார் ஹோலர்களில் பெரும்பாலானவை ஒட்டோமற்றிக்தான். ஆனால் சின்னக் கொம்பனிகளின் பழைய ட்ரக்குகளில் கை கியர் இருக்கும். முதல் வேலை அங்கேதான் கிடைக்கும் என்றால் கை கியரிலேயே டெஸ்ட் எடுங்கள்.

வேலையிழந்தவர்களுக்கு 'பெற்றர் ஜொப்ஸ் ஒன்ராறியோ' திட்டத்தில் பயிற்சிச் செலவு கிடைக்கலாம். ஆனால் அனுமதி வருமுன் வகுப்பில் சேர்ந்துவிட்டால் கிடைக்காது. அவசரப்பட்டுச் சேர்ந்து பல ஆயிரம் டொலரை விட்டவர்கள் நிறையப் பேர்.

4. பத்திரக் கோப்பு

வேலை தேடப் போகும்போது இவை ஒரே உறையில் இருக்கட்டும்:

- லைசன்ஸின் இரு பக்கப் பிரதி
- மூன்று வருடச் சாரதிப் பதிவு, 12 டொலர்
- சிவிஓஆர் சாரதிப் பதிவு, 5 டொலர்
- பொலிஸ் சான்று
- மெல்ட் முடித்த சான்று
- முன்பு வேலை செய்த இடங்களின் தேதி, மேற்பார்வையாளர் தொலைபேசி இலக்கம்

சாரதிப் பதிவு 30 நாளுக்கு மேல் பழையது என்றால் பல காப்புறுதிக்காரர்கள் ஏற்கமாட்டார்கள். முதலே எடுத்து வைக்காமல், நேர்முகத்துக்கு முதல் நாள் எடுங்கள்.

முகத்துக்கு நேரே சொல்லவேண்டிய விஷயம் ஒன்று. கார் ஹோலர் கொம்பனிகளின் காப்புறுதி பெரும்பாலும் இரண்டு மூன்று வருட ஏ-ஸெட் அனுபவம் கேட்கும். லைசன்ஸ் எடுத்த மறுநாள் ஒன்பது கார் ட்ரக் கிடைக்காது. ஒரு வருடமாவது சாதாரணப் பெட்டி றெயிலர் ஓட்டுங்கள். அல்லது ரொறன்ரோவைச் சுற்றி ஒக்ஷனுக்கும் டீலருக்கும் இடையில் இரண்டு மூன்று கார் ஏற்றும் ஃபிளாட்பெட்டில் (திறந்த தட்டு ட்ரக்) தொடங்குங்கள். இரண்டாவதில் சம்பளம் குறைவு என்றாலும், கார் ஏற்றக் கை பழகும். எங்கள் அபிப்பிராயத்தில் அதுதான் நல்ல வழி.

5. கொம்பனியிடம் கேட்கவேண்டியவை

"நீங்கள் ஒரு கொம்பனி பதிந்துகொண்டு வாருங்கள், முழுக்காசையும் வரிபிடிக்காமல் தருகிறோம்" என்று சொன்னால் அதற்குப் பெயர் ட்ரைவர் இங்க். ட்ரக் அவர்களுடையது, நேரம் அவர்கள் சொல்வது, வேறு யாருக்கும் நீங்கள் ஓட்டுவதில்லை என்றால், வரித் திணைக்களத்தின் கண்ணில் நீங்கள் தொழிலாளிதான். உங்கள் சின்னக் கொம்பனியைத் தனிநபர் சேவைக் கொம்பனி என்று தீர்மானித்தால் ஒன்ராறியோவில் வரி 44.5 சதவீதம், பெரும்பாலான செலவுகளையும் கழிக்கமுடியாது. டெக்கிலிருந்து (கார்கள் நிற்கும் தட்டு) விழுந்து கால் முறிந்தால் வேலைக்காயக் காப்புறுதியும் இருக்காது, வேலையில்லாக் கால உதவியும் இருக்காது. மாதம் சில நூறு டொலர் கூடக் கிடைக்கிறது என்று பார்த்து இதில் விழவேண்டாம். ரீ-4 (தொழிலாளிக்குத் தரும் சம்பள வரிச் சீட்டு) தரும் இடமா என்பதே முதல் கேள்வி.

அடுத்து, சம்பளம் எப்படி? ஒரு காருக்கு இவ்வளவு, லோட்டின் கட்டணத்தில் இத்தனை சதவீதம், அல்லது மைலுக்கு இவ்வளவு என்று மூன்று விதம் இருக்கிறது. சதவீதம் என்றால் கட்டணத் தாளை உங்களுக்குக் காட்டுவார்களா என்று கேளுங்கள். காட்டாத இடத்தில் சதவீதம் பேசி அர்த்தமில்லை. வெறும் ட்ரக்காகத் திரும்பும் தூரத்துக்கும், ஓடாத காரை வின்ச் போட்டு இழுப்பதற்கும், ஒக்ஷனில் மூன்று மணி நேரம் காத்திருப்பதற்கும் காசு உண்டா என்றும் கேளுங்கள்.

சேதத்துக்கு யார் கட்டுவது? காப்புறுதியில் முதல் ஆயிரம், இரண்டாயிரம் டொலரைக் கொம்பனிதான் கட்டவேண்டியிருக்கும்; அதை உங்கள் சம்பளத்தில் வெட்டுவதாகச் சில ஒப்பந்தங்களில் எழுதியிருப்பார்கள். மாகாண எல்லை தாண்டி ஓடும் கொம்பனியின் தொழிலாளியாக இருந்தால் கனடா தொழில் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். உங்களைத் தவிர வேறொருவரும் அந்தச் சொத்தைத் தொடக்கூடியதாக இருந்திருந்தால், சேதத்துக்காகச் சம்பளத்தில் வெட்ட அந்தச் சட்டம் இடம் கொடுக்காது. கார் என்பது டீலர், ஒக்ஷன் ஆட்கள், யார்ட் ஆட்கள் எல்லோரும் தொட்ட பொருள். ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

6. காரை எடுக்கும் இடம்: இங்கேதான் நேரம் செலவழிக்கவேண்டும்

காரை எடுக்கும்போது நீங்கள் கையெழுத்து வைக்கும் தாள் பில் ஒஃப் லேடிங். அதில் குறிக்காத ஒவ்வொரு கீறலும் நீங்கள் போட்ட கீறல் என்றே கணக்கு. ஒரு காருக்கு ஐந்து நிமிடம் வையுங்கள். பின்னால் நிற்பவர் ஹோர்ன் அடித்தாலும் பரவாயில்லை.

முதலில் வின் இலக்கம், அதாவது ஒவ்வொரு காருக்கும் உரிய அடையாள இலக்கம். 17 எழுத்தையும் தாளோடு ஒப்பிடுங்கள். கடைசி ஆறை மட்டும் பார்ப்பது போதாது. கண்ணாடிக்குக் கீழே உள்ளதும் சாரதிக் கதவு ஓரத்து ஸ்டிக்கரும் ஒன்றாக இருக்கவேண்டும். இரண்டும் வேறு என்றால் காரைத் தொடாமல் ஒஃபிஸுக்கு அடியுங்கள். ஒன்ராறியோவில் திருடிய கார்களை மொன்றியல் துறைமுகத்துக்கு அனுப்பும் கும்பல்கள் உண்டு என்பது செய்தி பார்ப்பவர்களுக்குத் தெரியும். இரவில், தனியார் யார்டில், தாள் இல்லாமல், காசாகத் தருகிறேன் என்று வரும் புது எஸ்யூவி லோட்டை எடுக்கவே வேண்டாம். சந்தேகம் வந்தால் பொலிஸின் சிபிக் தளத்தில் வின் இலக்கத்தைப் போட்டு, திருட்டுப் போனதாகப் பதிந்திருக்கிறதா என்று யாரும் பார்க்கலாம்.

பிறகு படங்கள். எப்போதும் ஒரே ஒழுங்கில் எடுங்கள்: முன் இடது மூலையில் தொடங்கி வலம் வந்து நான்கு மூலை, நான்கு பக்கம். அதன்பின் கூரை, நான்கு அலொய் வளையம், முன் கண்ணாடி, பம்பரின் கீழ் உதடு, ஓடிய கிலோமீட்டர், திறப்புகளின் எண்ணிக்கை. ஒழுங்கு மாறாவிட்டால் எதை எடுக்க மறந்தோம் என்று உடனே தெரியும். பம்பரின் கீழ் உதட்டைக் குனிந்து பார்க்காமல் விடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. புதிய கார்களில் சேதத்தை ஐந்து இலக்கக் குறியீட்டில் எழுதவேண்டும். முதல் இரண்டு காரின் எந்த இடம் என்பது, அடுத்த இரண்டு என்ன சேதம் என்பது, கடைசி ஒன்று அளவு. குறியீட்டு அட்டையை லமினேட் செய்து வண்டியில் தொங்கவிடுங்கள்.

ஜனவரியில் ஒக்ஷன் யார்டில் கார் முழுக்கப் பனி மூடியிருக்கும். அப்போது "சேதம் இல்லை" என்று கையெழுத்து வைக்காதீர்கள். பிரஷ்ஷால் தட்டிப் பாருங்கள். உறைந்து ஒட்டியிருந்தால் "பனி மூடியிருக்கிறது, கூரையும் முன் பொனற்றும் பார்க்கமுடியவில்லை" என்று தாளில் எழுதி, அனுப்புபவரின் கையெழுத்தும் வாங்குங்கள். இருட்டு, மழை, சேறு எல்லாவற்றுக்கும் இதேதான்.

காரின் முன் கண்ணாடியில் 407 கட்டண நெடுஞ்சாலையின் ட்ரான்ஸ்பொண்டர் ஒட்டியிருந்தால் கழற்றி அதற்குரிய பையிலோ அலுமினியத் தாளிலோ சுற்றி வையுங்கள். றெயிலரின் மேல் நிற்கும் காருக்கும் 407 பில் போடும்! அலார்ம், அன்டெனா, உள்ளே உருளும் பொருட்கள், கூரை ராக் எல்லாம் பாருங்கள். வீட்டுச் சாமானை டிக்கியில் நிரப்பித் தருபவர்களுக்கு மறுப்புச் சொல்லுங்கள். நிறையும் கூடும், காப்புறுதியும் அதை மூடாது.

7. ஏற்றும் ஒழுங்கு

லோட்டை முதலில் தாளில் வரையுங்கள். கடைசியாக இறக்கும் கார் முதலில் ஏறவேண்டும். ட்ரக் தலைக்கு மேல் நிற்கும் கார் கடைசியாகத்தான் இறங்கும். அதோடு உயரமும் நிறையும் எண்ணெய் ஒழுக்கும் இந்த ஒழுங்கைக் குழப்பும். எண்ணெய் ஒழுகும் பழைய காரை மேலே வைத்தால் கீழே நிற்கும் வெள்ளைக் காரின் கூரைக்கு நீங்கள் பெயின்ட் வேலை பார்க்கவேண்டி வரும். பூட்டுச் சரியில்லாத பொனற் உள்ள காரைக் காற்று பொனற்றைத் தூக்காதபடி பின்நோக்கியும், துணிக் கூரைக் காரைக் காற்று பின்னாலிருந்து தூக்காதபடி முன்நோக்கியும் ஏற்றுங்கள்.

ஏற்றுவதற்கு முன் உலோகப் பெல்ட், மோதிரம், மணிக்கூடு, இடுப்பில் தொங்கும் திறப்புக் கொத்து எல்லாம் கழற்றுங்கள். கார்க் கதவு திறக்கும் இடத்தில் டெக் தூண் வரும். அதில் நீச்சல் குளத்து நுரைக் குழாயை வெட்டி மாட்டினால் கதவு விளிம்பு தப்பும். விலை சில டொலர்தான். ஒரு கதவு பெயின்ட் பண்ண ஆயிரம் ஆகும். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே வைத்து மெதுவாக ஏற்றுங்கள். தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு இரண்டு நீளப் பலகையை ராம்ப் நுனியில் போடுங்கள். கார்களுக்கு இடையில் குறைந்தது நான்கு விரல் அகலம் விடுங்கள். ஓடும்போது சஸ்பென்ஷன் ஆடும்.

டெக்கை உயர்த்தியதும் பூட்டு ஊசி துளைக்குள் போய்விட்டதா என்று கண்ணால் பாருங்கள். ஹைட்ரோலிக் அழுத்தத்தை மட்டும் நம்பி ஓட்டவே கூடாது. ஒரு ஹோஸ் வெடித்தால் மேல் டெக் கீழ்க் கார்மேல் இறங்கும்.

இந்த வேலையில் பெரிய காயங்கள் மேல் டெக்கிலிருந்து விழுந்துதான் வருகின்றன. இரண்டு கை ஒரு கால், அல்லது இரண்டு கால் ஒரு கை எப்போதும் பிடியில் இருக்கட்டும். குதிக்கவேண்டாம். குளிர்காலத்தில் டெக்கின் பனியைச் சுரண்டிவிட்டுத்தான் ஏறவேண்டும். பின்சக்கர இழுவைக் கார் ஈரமான ராம்பில் சறுக்கலாம். வேகம் கொடுத்து ஏற்றப்பார்த்தால் பக்கவாட்டில் வழுக்கும்.

மின்கார்கள் தனிக் கதை. ரெஸ்லா போன்றவற்றில் இழுவைக்கான மோட் திரையில் இருக்கிறது. அதைப் போடாவிட்டால் தானாகப் பார்க்கிங் பிடித்து வின்ச்சை இழுக்கவிடாது. காவல் கமரா மோடை நிறுத்துங்கள். வழி முழுக்க பற்றரி இறங்கும். அடிபட்டு அடித்தட்டு நசுங்கிய மின்காரைக் கொம்பனியின் அனுமதி எழுத்தில் இல்லாமல் ஏற்றாதீர்கள். பற்றரி மணிக்கணக்கு கழித்தும் தீப்பிடிக்கக்கூடியது.

8. கட்டுவது

4,500 கிலோவுக்கு உட்பட்ட ஒவ்வொரு வாகனத்துக்கும் சட்டம் கேட்பது குறைந்தது இரண்டு கட்டு, முன்னாலும் பின்னாலும். முன், பின், பக்கம், மேல் எந்தத் திசையிலும் நகரக்கூடாது. நல்ல கொம்பனிகள் நான்கு ரயரையும் கட்டச் சொல்லும். நீங்களும் நான்கையே பழகுங்கள்.

ரயர் மேல் போகும் இரண்டு அங்குல ஸ்ட்ராப்புக்கு வேலைச் சுமை பொதுவாக 3,333 இறாத்தல் என்று லேபலில் இருக்கும். லேபல் கிழிந்துபோன ஸ்ட்ராப் கனடாவில் கணக்கில் வராது. அதிகாரி அதைக் கட்டாத கட்டு என்றே எடுப்பார். ஸ்ட்ராப்பில் உள்ள மூன்று ரப்பர்க் கட்டைகளும் ரயரின் தடத்தில் உட்காரவேண்டும். ஸ்ட்ராப் மட்கார்டையோ பிரேக் ஹோஸையோ தொடக்கூடாது. ரயரைக் கட்டும்போது காரின் உடம்பு தன் ஸ்பிரிங்கில் தாராளமாக ஆடும், கட்டு தளராது. சங்கிலியால் சட்டகத்தைக் கட்டினால் சஸ்பென்ஷன் அமுங்கியே நிற்கவேண்டும். ஒரு குழியில் விழுந்தால் கொக்கி கழன்றுவிடும். அதனால் சங்கிலி போட்டால் அதற்கென்று காரில் உள்ள துளையில் சரியான கொக்கியை மட்டும் மாட்டுங்கள். சஸ்பென்ஷன் கையிலோ ஸ்டியரிங் தண்டிலோ மாட்டினால் சேதத்தைக் காரின் அடியில் கொண்டுபோவீர்கள், டீலர் லிஃப்ட்டில் ஏற்றியபின்தான் தெரியவரும்.

இரும்புக் கம்பியால் ராட்செட்டை (ஸ்ட்ராப்பை இழுத்துப் பிடிக்கும் பூட்டு) இறுக்கும்போது முகத்தைக் கம்பிக்கு நேரே வைக்கவேண்டாம். நழுவினால் பல் போகும்.

கட்டியபின் முதல் 80 கிலோமீட்டருக்குள் ஒருமுறை நிறுத்தி எல்லாக் கட்டையும் பார்க்கவேண்டும். பிறகு ஒவ்வொரு மூன்று மணி நேரத்துக்கும் அல்லது 240 கிலோமீட்டருக்கும், எது முதலில் வருகிறதோ அப்போது. கடமை நிலை (ஓட்டம், வேலை, ஓய்வு) மாறும்போதும் பார்க்கவேண்டும். புது ஸ்ட்ராப் முதல் மணி நேரத்தில் நீளும், முதல் 80 கிலோமீட்டரைத் தவறவிடவேண்டாம்.

9. உயரமும் நிறையும்

ஒன்ராறியோவில் உயர எல்லை 4.15 மீற்றர். நியூயோர்க், பென்சில்வேனியா போன்ற கிழக்கு மாநிலங்களில் 13 அடி 6 அங்குலம், அதாவது 4.11 மீற்றர். அந்த நான்கு சென்ரிமீற்றர் சின்ன வித்தியாசம்தான், ஆனால் எல்லை தாண்டுபவர்கள் எப்போதும் 4.11ஐயே எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். முழு உயர பிக்கப் ஒன்று ஏறத்தாழ 1.95 மீற்றர். இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் டெக் சேராமலே 3.9. அதனால்தான் டெக்கைச் சரித்து, கீழ்க் காரின் முன்பக்கத் தாழ்வுக்குள் மேல் காரின் ரயரை இறக்கி நிறுத்துகிறார்கள். சமதரையில் அளவுக் கம்பு வைத்து ஒவ்வொரு லோட்டையும் அளந்து, எண்ணை ஸ்டிக்கரில் எழுதிக் கண்ணுக்கு முன் ஒட்டுங்கள். கூரை ராக்கும் சுறாத் துடுப்பு அன்டெனாவும் சேர்த்துத்தான் உயரம்.

ஃபோன் வழிகாட்டியை நம்பவேண்டாம். அது உங்களைக் கார் என்று நினைத்து நியூயோர்க் பார்க்வேக்குள் அனுப்பும். அங்கே ட்ரக்குக்கு அனுமதியில்லை, பாலங்கள் தாழ்வு. ட்ரக்குக்கான ஜிபிஎஸ் வாங்குங்கள். ஸ்காபரோ, மார்க்கம் பக்கத்து வீட்டுத் தெருக்களுக்குள்ளும் நுழையவேண்டாம். மரக் கிளைகள் மேல்டெக் காரைச் சீவும். வாடிக்கையாளரைப் பக்கத்துப் பிளாசாவின் பார்க்கிங்குக்கு வரச் சொல்லுங்கள், யாரும் மறுப்பதில்லை.

நிறை: ஒன்பது சின்ன செடான், ஒன்று 1,500 கிலோ என்றால் 13.5 தொன். அதே ஒன்பது இடத்தில் 2,500 கிலோ மின் எஸ்யூவி ஏற்றினால் 22.5 தொன். அமெரிக்காவில் மொத்த எல்லை 80,000 இறாத்தல், ட்ரக்கும் றெயிலரும் சேர்த்து. மின் எஸ்யூவி லோட்டில் சில இடங்களைக் காலியாக விடவேண்டி வரும். கதவு ஸ்டிக்கரில் இருப்பது காரின் அதிகபட்ச நிறை, வெறும் நிறை அல்ல; இரண்டையும் குழப்பாதீர்கள். சந்தேகம் இருந்தால் ட்ரக் ஸ்டொப்பின் தராசில் அச்சு அச்சாக நிறை பாருங்கள்.

10. நேரக் கணக்கு

கனடாவில் ஒரு நாளில் 13 மணி ஓட்டலாம், 14 மணி வேலை செய்யலாம்; வேலை தொடங்கி 16 மணி ஆனபின் ஓட்டக்கூடாது. அமெரிக்காவில் ஓட்டம் 11 மணி, அதுவும் தொடங்கி 14 மணிக்குள். 8 மணி ஓட்டத்துக்குப் பிறகு 30 நிமிட இடைவேளை. ஏற்றுவதும் இறக்குவதும் வேலை நேரம். புதியவர் ஒன்பது கார் ஏற்ற மூன்று நான்கு மணி எடுப்பார். பழகியவர் அதில் பாதி. அதனால் முதல் மாதங்களில் அட்டவணை ஒருநாளும் பொருந்தாது. ஏற்றும் நேரத்தை ஓய்வு என்று ஈஎல்டியில் (நேரம் பதியும் மின்கருவி) போடச் சொல்லும் டிஸ்பாச்சருக்கு (லோட் ஒதுக்குபவர்) மறுப்பை எழுத்தில் அனுப்புங்கள், அபராதம் வருவது உங்கள் பெயரில்.

160 கிலோமீட்டர் சுற்றுக்குள் ஓடி அன்றன்றே திரும்புபவர்களுக்கு ஈஎல்டி கட்டாயமில்லை. ஆனால் நேரப் பதிவு வேண்டும். காலைப் பரிசோதனைத் தாள் 24 மணி நேரத்துக்குத்தான் செல்லும். சாராயத்துக்கும் கஞ்சாவுக்கும் எல்லை பூச்சியம்.

11. எல்லை தாண்டுவது என்றால்

கனடாப் பாஸ்போர்ட் இல்லாத நிரந்தரவாசிகளுக்குப் பெரும்பாலும் அமெரிக்க வீசா வேண்டும். வீசாவுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். லைசன்ஸ் எடுக்கும்போதே விண்ணப்பியுங்கள். எல்லையை விரைவாகத் தாண்ட உதவும் ஃபாஸ்ட் கார்ட் 50 அமெரிக்க டொலர், ஐந்து வருடம் செல்லும். அமெரிக்கா ஓடுபவர்களுக்குப் போதைப் பரிசோதனை கட்டாயம். கனடாவில் கஞ்சா சட்டபூர்வம் என்ற வாதம் அங்கே எடுபடாது. பரிசோதனையில் தெரிந்தால் அமெரிக்க ஓட்டம் நின்றுவிடும். அமெரிக்காவுக்குள் ஓரிடத்தில் எடுத்து இன்னோரிடத்தில் இறக்கும் உள்ளூர் லோட் கனடாச் சாரதிக்கு அனுமதியில்லை. டிஸ்பாச்சர் தந்தாலும் எடுக்காதீர்கள், வீசா போகும்.

ட்ரக் எல்லைக்கு வருவதற்கு ஒரு மணி நேரம் முன் மின் மனிஃபெஸ்ட் (சரக்குப் பட்டியல்) சுங்கத்துக்குப் போயிருக்கவேண்டும். அமெரிக்காவில் வாங்கிய பழைய காரை இங்கே கொண்டுவரும்போது, ஏற்றுமதிப் பதிவு இலக்கமும் உரிமைப் பத்திரமும் 72 மணி நேரம் முன்பே அமெரிக்கச் சுங்கத்துக்குப் போயிருக்கவேண்டும். ஒன்பது காரில் ஒன்றுக்கு இது இல்லாவிட்டால் ஒன்பதோடும் நீங்கள் பஃபலோவில் நிற்பீர்கள். ஏற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு வின் இலக்கத்துக்கும் உறுதி கேளுங்கள்.

12. இறக்கும் இடம்

எடுத்தபோது போட்ட அதே ஒழுங்கில் மறுபடி படம். வாங்குபவர் காரைச் சுற்றிப் பார்த்து, பெயரைத் தெளிவாக எழுதி, கையெழுத்தும் நேரமும் வைக்கவேண்டும். வெறும் கிறுக்கல் கையெழுத்து யாருடையது என்று பிறகு யாருக்கும் தெரியாது. அவர் புதிய கீறல் ஒன்றைக் காட்டினால் வாக்குவாதம் வேண்டாம். எடுத்தபோதைய படத்தைக் காட்டுங்கள், தாளில் இரு தரப்புக் கூற்றையும் எழுதுங்கள், அங்கிருந்தே ஒஃபிஸுக்கு அனுப்புங்கள். "நான்தான் செய்தேன்" என்றோ "காசு தருகிறேன்" என்றோ அந்த இடத்தில் சொல்லாதீர்கள்.

டீலர் பூட்டியபின் இரவில் இறக்குவது தனி ஆபத்து. அப்போது தாளில் 'பரிசோதனைக்கு உட்பட்டது' என்ற குறிப்போடுதான் டெலிவரி முடியும். மறுநாள் காலை அவர்கள் கண்ட கீறல், இரவு யார்ட்டில் யாரோ உரசியதாக இருந்தாலும், முதலில் உங்கள் பக்கம்தான் வரும். முடிந்தவரை இரவு டெலிவரியை மறுங்கள். மறுக்கமுடியாவிட்டால் வெளிச்சத்தின் கீழ் காரை நிறுத்தி, பக்கத்தில் எந்தக் கார் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதும் தெரியும்படி படம் எடுங்கள். திறப்பைப் பெட்டிக்குள் போடுமுன் உறையில் வின் இலக்கத்தின் கடைசி எட்டையும் எழுதி, உறை பெட்டி வாயில் இருக்கும்போது ஒரு படம், விழுந்தபின் ஒரு படம். அந்த இரண்டு படத்தையும் ட்ரக்கை நகர்த்துமுன் டிஸ்பாச்சருக்கு அனுப்பிவிடுங்கள்.